நடுவில் ஓட்டை

நிஸ்தார் நானாவின் லொறி மாங்குளத்தில் இறக்கியவை:
உழவு இயந்திரத்தின் பல்சில்லு ஒன்று,
இறுகிப்போன நீர்ப்பம்பி இரண்டு,
மூடி துருவேறிய தகர டப்பா ஒன்று.
"படச்சுருள் மாதிரிக் கிடக்கு.
நிறுக்கேல்ல தம்பி, சும்மா எடுங்க."

சும்மா எடுப்பவன் சேகரிப்பவன் இல்லை.
ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்.
குறிப்பேட்டில் விலைக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதே,
அதற்காகவாவது.

இது எட்டாவது.
ஒன்பதரை மில்லிமீற்றர் அகலம்.
பல் கொளுவும் துளை ஓரத்தில் இல்லை,
நடுவில்,
ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்.
முகர்ந்து பார்த்தேன்.
வினாகிரி மணந்தால் சுருள் சாகத் தொடங்கிவிட்டதென்று அர்த்தம்.
மணந்தது கிரீசும் செம்மண்ணும்.

மோட்டர் சுற்றும் கடை என்னுடையது.
செம்புக்கம்பியில் ஒரு சுற்றுத் தவறினாலும்
புகை வருமென்று அறிந்த விரல்கள்.
ஆயிரத்து முந்நூற்று ஒன்பது படங்கள்.
எண்ணினேன்.
ஓடினால் எண்பத்திரண்டு விநாடி.

யார் கொண்டுவந்தது இதை இந்தக் காட்டுக்கு?
ரயில்வேக் கணக்கரா, குளம் அளக்க வந்த துரையா?
தெரியாதவற்றை எழுதும் கட்டத்தை
முதலிலேயே அகலமாகக் கீறி வைத்திருக்கிறேன்.

பேரில்லாத நாய்.
கறுத்த வயிறு, முட்டைக் கண்,
மூட்டே இல்லாத குழாய்க் கால்கள்.
வீதியைப் பாய்போலச் சுருட்டிக் கமக்கட்டில் வைக்கிறது.
துரத்திவரும் பொலிஸ்காரனுக்கு முன்னால்
கிணற்றின் வட்டத்தை
தோசைபோலக் கிளப்பிப் போடுகிறது.
அவன் விழுகிறான்.
நாய் என்னைப் பார்க்கிறது,
சரியோ என்று கேட்பதுபோல.

கைபிடி சுற்றும் விளையாட்டுப் புரொஜெக்டர்,
மோட்டார்சைக்கிள் மின்குமிழ்.
வேகம் என் மணிக்கட்டில்.
நான் மெதுவானால் நாய் யோசிக்கிறது.
கை களைத்தால் அதற்குக் கவலை வந்துவிடுகிறது.
வரைந்தவன் இதை நினைத்திருக்கமாட்டான்.

பம்பி திருத்த வந்த சுகிர்தமலர்
வாங்கில் இருந்து, காலைக் கழற்றிச்
சுவரோடு சாத்திவிட்டுக் கேட்டாள்:
"சத்தம் வராதோ?"
"அந்த நாளில சத்தம் இல்லை."
"நல்லது."

எழுபதாவது விநாடியில் என்ன வருமென்று
எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.
கைபிடியில் தாண்டிப்போக வழியில்லை,
ஒவ்வொரு படமாகத்தான் போகவேண்டும்.
நாயின் கால் கழன்று விழுந்தது.
நாய் அதை எடுத்து, ஊதி,
திருகாணிபோலத் திருகிப் பூட்டியது.
"பின்பக்கம் முன்னால பூட்டியிருக்கு," என்றாள்.
"நடந்து பார்த்தால்தான் அதுக்கு விளங்கும்."
நடந்தது. விளங்கியது.
"பின்னால சுத்து."
சுற்றினேன்.
கால் கழன்றது, பூட்டியது, கழன்றது.
நாலு தரம்.
சிரித்தாளா? இருட்டு.
வாங்கு கொஞ்சம் ஆடியது.

"பம்பி எப்ப வரும்?"
"வியாழன்."

கனடாவிலிருந்து ஒருவர் எழுதுகிறார்.
இரண்டு லட்சம்.
உலகத்தில் மிச்சமாயிருக்கும் இதன் பிரதிகள்
எல்லாமே கடைசி முழம் அறுந்தவையாம்.
ஒரே கேள்வி: முடிவு இருக்கிறதா?

இல்லை என்று எழுதினேன்.
முப்பதாயிரத்துக்கு இறங்கினார்,
பிறகு எழுதவேயில்லை.
பால்மாப் பேணியில் அரிசிக்குள்,
ஈரம் படாமல், இருக்கிறது பொய்.

முடிவு இதுதான்:
பேனை பிடித்த கை ஒன்று மேலிருந்து வருகிறது,
நாயை மைக்கூட்டுக்குள் திருப்பி ஊற்ற.
நாய் கிணற்று வட்டத்தைக் காலடியில் விரிக்கிறது,
குதிக்கிறது,
ஒரு கையை வெளியே நீட்டி
ஓட்டையையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

பிறகு வெறும் வெளிச்சம்.
போன வருடக் கலண்டரின் ஆணி,
அதன் நிழல்.
பேனை இன்னும் தேடுகிறது என்று நினைத்து
சுருளின் வால் தட்டித் தட்டி அடிக்க
கொஞ்சநேரம் சும்மா சுற்றுவேன்.